மண்டபத்துத் தண்ணீர்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் ஏதாவது பேச வேண்டும் என்று கேட்டபோது மறுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். எந்தக் கிருமியை எதில் வளர்ப்பது, எப்படிப் பார்ப்பது என்பதையெல்லாம் என்னைவிட நன்றாகச் சொல்லித்தர இங்கே ஆட்கள் இருக்கிறார்கள். நான் பயன்படுத்திய கருவிகளில் பாதி இப்போது ஸ்டோர் ரூமில் கிடக்கின்றன. கொரோனாவுக்குப் பிறகு வேலைக்கு வந்தவர்கள் நீங்கள். ஆய்வகம் என்றால் என்ன என்று பக்கத்து வீட்டுக்காரருக்கு விளக்க வேண்டிய கஷ்டம்கூட உங்களுக்கு இல்லை.

ஆனால் ஒன்று மட்டும் மாறியிருக்காது. கையில் பாதித் தகவல் இருக்கும். அதை இப்போதே சொல்வதா, முழுதாகத் தெரியும்வரை பொறுப்பதா என்று என்றைக்காவது ஒருநாள் உங்களுக்கும் கேள்வி வரும். பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள் ஒருவர்தான் இருப்பீர்கள். எனக்கு அது வந்த நாளைப் பற்றிச் சொல்கிறேன்.

அதைச் சொல்ல செல்வராஜைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். போன ஆண்டு அவர் இறந்துவிட்டார். உயிரோடு இருந்திருந்தால் இதை வெளியே பேசியிருக்க மாட்டேன். இப்போதும் அவருடைய மகளிடம் கேட்டுக்கொண்டுதான் பேசுகிறேன், பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

செல்வராஜ் நான் பொறுப்பாளராக இருந்த தண்ணீர்ப் பரிசோதனைப் பிரிவின் டெக்னீஷியன். அவருடைய அப்பா ரயில்வே வேலைக்காக அரக்கோணத்திலிருந்து இந்த ஊருக்கு வந்து மல்காஜ்கிரியில் வீடு கட்டியவர். செல்வராஜ் பிறந்து வளர்ந்ததெல்லாம் அங்கேதான். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, கடைவீதியில் தக்கனி உருது. ஆய்வகத்தில் என்னோடு பேசும்போது மூன்றும் ஒரே வாக்கியத்தில் வரும். ஏசி அறைக்குள் எப்போதும் ஒரு பழுப்பு நிற அரைக்கை ஸ்வெட்டர் போட்டிருப்பார். என்னிடம் தனக்கென்று எதையும் கேட்டவர் அல்ல. லீவு கேட்பதற்குக்கூட இரண்டு முறை வாசலில் நின்று திரும்பிப் போய்விட்டு மூன்றாம் முறைதான் உள்ளே வருவார்.

அவருடைய ஒரே மகள் ஜெனிட்டாவுக்கு அரக்கோணத்தில் சொந்தத்திலேயே மாப்பிள்ளை அமைந்தது. காலையில் சர்ச்சில் திருமணம், மதியம் உப்பல் பக்கம் ஒரு மண்டபத்தில் விருந்து. ஆய்வகத்தில் எல்லோருக்கும் அழைப்பிதழ் கொடுத்தார். மண்டபத்தைப் பற்றி அவருக்கு ஒரு பெருமை. "சொந்த போர் இருக்கு மேடம். வெயில் காலத்துல தண்ணிக்குக் கஷ்டமே இல்ல" என்று என்னிடமே இரண்டு முறை சொன்னார்.

கோடை முடிந்து முதல் மழை கொட்டிய வாரம் அது. அந்த மண்டபம் இருக்கும் தெருவிலிருந்தும் பக்கத்துச் சந்திலிருந்தும் வாந்தி, பேதி என்று ஒருவர் பின் ஒருவராக ஆஸ்பத்திரிக்கு வரத் தொடங்கினார்கள். கஞ்சித் தண்ணீர் போலப் போகிறது என்றார்கள். சுகாதார அதிகாரியின் ஆட்கள் நோயாளிகளின் மல மாதிரிகளையும், தெருக்குழாய்த் தண்ணீரையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். கூட்டம் கூடும் இடம் என்பதால் மண்டபத்தின் சம்ப்பிலிருந்தும் ஒரு பாட்டில் எடுத்திருந்தார்கள்.

பாட்டில்களை வாங்கி வைத்தவர் செல்வராஜ். லேபிளைப் படித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நம்ம மண்டபம் மேடம்."

திருமணத்துக்கு இன்னும் ஒருநாள் இடையில் இருந்தது. மறுநாளிலிருந்து அவருக்கு லீவு. எல்லா மாதிரிகளையும் வழக்கம்போலப் போட்டு வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை நான் வரும்போது அவர் எனக்கு முன்பே வந்திருந்தார். கல்யாண வேலையாகச் சுற்றிக்கொண்டிருந்தவர், ஹெல்மெட்டைக்கூட மேசைமேல் வைக்காமல் கையில் பிடித்தபடி நின்றார். என் மேசையில் மூன்று தட்டுகளை வரிசையாக வைத்திருந்தார். நோயாளியுடையது, தெருக்குழாயுடையது, மண்டபத்துடையது. பச்சை நிற வளர்ப்பு ஊடகத்தின்மேல் மூன்றிலும் மஞ்சள் மஞ்சளாகக் கிருமி வளர்ந்திருந்தது.

காலரா கிருமி அந்தத் தட்டில் அப்படித்தான் வளரும். உடனே செய்யக்கூடிய சோதனைகளை இருவரும் சேர்ந்தே செய்தோம். கண்ணாடித் துண்டின்மேல் கலக்கிக் கம்பியை மேலே இழுத்தபோது நூல்போல இழுத்துக்கொண்டு வந்தது. மூன்றிலும் வந்தது.

ஆனால் இதை வைத்துக்கொண்டு காலரா என்று சொல்லிவிட முடியாது. பார்வைக்கு அச்சு அசலாக அதே மாதிரி இருக்கும் உறவுக்காரக் கிருமிகள் தண்ணீரில் உண்டு. அவை இப்படி ஊரைப் படுக்கவைப்பதில்லை. பிரித்துச் சொல்ல ஒரு சீரம் வேண்டும். காலரா கிருமியோடு கலந்தால் கண் முன்னாலேயே திரித்திரியாகக் கட்டிக்கொள்ளும். இல்லையென்றால் பால்போலக் கலங்கி அப்படியே நிற்கும். எங்களிடம் இருந்த சீரத்தை அன்று காலை சரிபார்த்தபோது, நன்றாகத் தெரிந்த காலரா கிருமிக்கே அது கட்டவில்லை. கெட்டுப்போயிருந்தது. வேறொரு ஆய்வகத்தில் கேட்டோம். நாளை முற்பகல் ஆள் வசம் அனுப்புகிறோம் என்றார்கள்.

இயக்குநர் பேகம்பேட்டில் ஒரு கூட்டத்தில் இருந்தார். போன் செய்தேன். பொறுமையாகக் கேட்டார். "நாம் அனுப்புவது உறுதியான முடிவை மட்டும்தான். அதற்கு முன்னால் நீங்கள் ஏதாவது சொன்னால் அது உங்கள் சொந்தக் கருத்து. யோசித்துச் செய்யுங்கள்" என்று வைத்துவிட்டார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. விதி அதுதான்.

நான் போனை வைத்ததும் செல்வராஜ் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"மேடம், ஒண்ணு கேக்கட்டா?"

"கேளுங்க."

"சீரம் நாளைக்குத்தான் வருது. ரிப்போர்ட்டும் நாளைக்குத்தான். அதானே ரூல்?"

"ஹவ்" என்றேன். அவரோடு பேசிப் பேசி, ஆமாம் என்பதற்கான அந்தத் தக்கனிச் சொல் எனக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"அப்ப நாளைக்கே சொல்லலாமே மேடம். மண்டபத்துல அந்தத் தண்ணி ஒரு சொட்டு சமையலுக்குப் போக விடமாட்டேன். டேங்கர் சொல்லிடறேன். அண்டா பக்கத்துலயே நான் நின்னுக்கறேன். இப்ப நீங்க ஆபீசருக்குப் போன் போட்டா மண்டபத்தைப் பூட்டிடுவாங்க. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ரயில் ஏறிட்டாங்க."

"அந்தத் தெருவுல இருக்கிறவங்க? அவங்க இன்னைக்குப் பூரா அந்தக் குழாய்த் தண்ணியைத்தானே குடிப்பாங்க?"

மேசையிலிருந்த தட்டுகளைப் பார்த்தார். பிறகு, "குழாயைச் சொல்லிடுங்க. வேணாம், நக்கோன்னு சொல்லல. மண்டபத்தை மட்டும் நாளைக்குச் சொல்லுங்க" என்றார்.

அவர் கேட்டதில் அநியாயம் எதுவும் இல்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். விதி அவர் பக்கம். இயக்குநர் சொன்னதும் அவருக்குத்தான் சாதகம். எச்சரிக்கையாக இருப்பேன் என்று அவர் சொன்னால் இருப்பார். அதில் எனக்குத் துளிச் சந்தேகமும் இல்லை. தட்டை ஒளித்து வைத்துவிட்டு என்னிடம் வரவில்லை. எல்லாவற்றையும் என் முன்னால் வைத்துவிட்டுத்தான் கேட்டார்.

நான் மறுபடி மூன்று தட்டுகளையும் பார்த்தேன். ஒன்றுக்கு ஒன்று வித்தியாசம் சொல்ல என்னால் முடியவில்லை. இரண்டைச் சொல்லி ஒன்றை மறைக்க எனக்கு என்ன காரணம் இருக்கிறது என்று பார்த்தேன். மண்டபம் செல்வராஜுடைய மகளுக்கு எடுத்தது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

"செல்வராஜ், சமையலுக்கு டேங்கர் தண்ணி ஊத்துவீங்க. கை கழுவுற குழாய்ல எது வரும்? பாத்திரம் கழுவ எது வரும்? பிள்ளைங்க ஓடிப்போய் எந்தக் குழாயைத் திறந்து வாய் வெப்பாங்கன்னு நீங்க நின்னு பாக்க முடியுமா? உங்க பொண்ணு கல்யாணத்துல உங்களால அண்டா பக்கத்துல நிக்கவே முடியாது."

"கைக்கு மேடம், ஏன் என் பொண்ணுக்கு மட்டும்..." என்று தொடங்கியவர் முடிக்கவில்லை. ஹெல்மெட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "போன் போடுங்க" என்றார்.

அவர் வெளியே போன பிறகு செய்திருக்கலாம். அவருக்கு முன்னால்தான் செய்ய வேண்டும் என்று தோன்றியது. நான் என்ன சொன்னேன், என்ன சொல்லவில்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அதிகாரியிடம் தெலுங்கில் பேசினேன். நோயாளி, தெருக்குழாய், மண்டபம் மூன்றிலும் பார்வைக்கு ஒரே மாதிரிக் கிருமி வளர்ந்திருக்கிறது, பெயரை நாளை மதியம்தான் சொல்ல முடியும், ஆனால் அந்தத் தண்ணீரை இன்று யாரும் குடிக்கக் கூடாது என்றேன்.

"காலராவா மேடம்?"

"நாளைக்குச் சொல்றேன். தண்ணியை இன்னைக்கு நிறுத்துங்க."

"எழுத்தில் தருவீர்களா?"

"தருகிறேன்" என்று சொல்லி, என் பெயரைப் போட்டு எழுதி அனுப்பினேன்.

செல்வராஜ் அதுவரை நின்றார். வாசல்வரை போனவர் திரும்பி, "அந்தத் தட்டுங்களை யாராவது ஃப்ரிட்ஜ்ல வெச்சுடப் போறாங்க மேடம். செத்துடும். பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தெருக்குழாயை அன்றே மூடினார்கள். லாரியில் தண்ணீர் வந்தது. முடிவு வரும்வரை அந்தத் தெருவில் கூட்டமாகச் சாப்பாடு போடக்கூடாது என்று மண்டபத்தையும் பூட்டினார்கள். நான் காலரா என்ற சொல்லையே சொல்லவில்லை. மாலைக்குள் அந்தச் சொல் ஊரெல்லாம் போய்விட்டது.

திருமணத்துக்கு நான் போகவில்லை, போகவும் முடியாது. சீரம் வருவதற்காக ஆய்வகத்தில் காத்திருந்தேன். அதற்கென்று எடுத்த பட்டுப்புடவை வீட்டில் மடிப்புக் கலையாமல் இருந்தது. போய்விட்டு வந்த சக ஊழியர் சொன்னார்: சர்ச் வளாகத்திலேயே ஷாமியானா போட்டு, எங்கிருந்தோ சாப்பாட்டுப் பொட்டலம் வரவழைத்தார்களாம். பாதிப் பேர் செய்தி கேட்டுத் திருமணம் முடிந்ததும் கிளம்பிவிட்டார்களாம். மாப்பிள்ளையின் அப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கண்டிப்பானவர். பொட்டலத்தைத் தொடாமல் நாற்காலியில் உட்கார்ந்தபடி, "ஒரு விருந்து போட வக்கில்லாத இடத்துல சம்பந்தம் வெச்சுட்டேன்" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாராம். ஜெனிட்டா அழுதுகொண்டே போட்டோவுக்கு நின்றாளாம்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதுதான், முற்பகலே வந்திருக்க வேண்டிய சீரம் வந்தது. முதலில் தெரிந்த காலரா கிருமியைக் கன்ட்ரோலாக வைத்து அதைச் சரிபார்த்தேன்; நன்றாக வேலை செய்தது. நோயாளியிடமிருந்து வந்த கிருமி விட்டதும் கட்டிக்கொண்டது. தெருக்குழாயுடையதும் அப்படியே. காலராதான்.

மண்டபத்துடையது கட்டவில்லை.

கண்ணாடியை ஆட்டி ஆட்டிப் பார்த்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பால்போலக் கலங்கி அப்படியே நின்றது. தட்டின் வேறொரு மூலையில் வளர்ந்திருந்த கிருமிக் காலனியிலிருந்து எடுத்துப் போட்டேன். அதுவும் அப்படித்தான். மண்டபத்துத் தண்ணீரில் இருந்தது உறவுக்காரக் கிருமி. போர் தண்ணீரில் தெருக்குழாயின் காலரா ஏறவில்லை. அவர் கேட்டபடி நான் அந்த ஒன்றை மட்டும் ஒருநாள் தள்ளிச் சொல்லியிருந்தால், அந்த விருந்து அங்கேயே நடந்திருக்கும். யாருக்கும் எதுவும் ஆகியிருக்காது.

நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

அதிகாரிக்குச் சொன்னேன். சாக்கடைக் குழாய் உடைந்து குடிநீர்க் குழாய்க்குள் கசிந்த இடத்தை அவர்கள் அன்று காலையில் கண்டுபிடித்திருந்தார்கள். முந்தைய நாளே ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த ஓர் இளம் பெண் காலையில் இறந்துவிட்டதாகவும், அவளுக்கு இரண்டு சின்னக் குழந்தைகள் இருப்பதாகவும் சொன்னார். குழாயை நேற்றே மூடியதால் அந்தச் சந்தில் மற்றவர்கள் தப்பித்தார்கள் என்றார். மண்டபத்தின் முடிவைச் சொன்னதும், "சரி, திறந்துவிடச் சொல்கிறேன்" என்றார்.

செல்வராஜுக்கு நான்தான் சொல்ல வேண்டும். போனில் சொல்ல மனம் வரவில்லை. வேலை முடிந்ததும் மல்காஜ்கிரிக்குப் போனேன். வீட்டு முன்னால் சீரியல் பல்பு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே மாப்பிள்ளை வீட்டார் இருந்தார்கள். அவர் கேட்டருகே வந்தார். புது வேட்டி, கசங்கிய சட்டை.

"தெருக்குழாய் பாசிட்டிவ். மண்டபம் நெகட்டிவ்" என்றேன். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"கன்ட்ரோல் பாத்தீங்களா மேடம்?"

"பாத்தேன். சரியா இருந்தது."

"வேற காலனி எடுத்துப் போட்டீங்களா?"

"போட்டேன்."

தலையை ஆட்டினார். உள்ளே யாரோ உரத்த குரலில் பேசுவது கேட்டது. அவருடைய மனைவி மேரி வாசலில் வந்து நின்று எங்களைப் பார்த்தார். என்னை வா என்று சொல்லவில்லை.

"சரி மேடம். நான் சொல்லிக்கறேன். நீங்க கிளம்புங்க" என்றார் செல்வராஜ். நான் தெருமுனை திரும்பும்போது பார்த்தேன். அவர் இன்னும் கேட்டருகிலேயே நின்றிருந்தார்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். மறுநாள் வந்த பரிசோதனை முடிவை வைத்து முதல்நாள் எடுத்த முடிவை அளக்காதீர்கள். என்னிடம் அன்று இருந்தவை மூன்று ஒரே மாதிரித் தட்டுகள். மறுபடி அதே தட்டுகள் வந்தால் மறுபடி அதே போனைச் செய்வேன். இதை எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். உண்மைதான். ஆனால் உண்மை என்பதால் ஜெனிட்டா அழுதுகொண்டு போட்டோவுக்கு நின்றது இல்லாமல் போய்விடாது. இரண்டையும் சேர்த்துத்தான் சுமக்க வேண்டியிருக்கும். சுமக்க மனமில்லாதவர்கள் இந்த வேலையில் விதியின் பின்னால் ஒளிந்துகொள்ளத் தொடங்கிவிடுவார்கள்.

லீவு முடிந்து செல்வராஜ் வந்தார். அதே ஸ்வெட்டர், அதே மேசை. ஓய்வுபெறும்வரை தண்ணீர்ப் பிரிவிலேயே இருந்தார். நாங்கள் அந்தத் திருமணத்தைப் பற்றி ஒருமுறைகூடப் பேசவில்லை. பேரக் குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு அழைத்தார், போனேன். ஜெனிட்டாவின் மாமனார் என்னைக் கண்டதும் எழுந்து நின்று கும்பிட்டார். பெரிய மனுஷர், மரியாதை தெரிந்தவர் என்று நினைத்துக்கொண்டேன்.

போன ஆண்டு செல்வராஜ் மாரடைப்பில் போய்விட்டார். வீட்டில் நடந்த ஜெபக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். மேரி என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"உங்களை நினைக்காத நாள் இல்ல மேடம். அன்னைக்கு நான் உங்களை உள்ள கூப்பிடக்கூட இல்ல. அப்புறம் இவர் உள்ள வந்து, மண்டபத்துத் தண்ணியிலதான் காலரா இருந்துச்சாம், டெஸ்ட்ல வந்துடுச்சுன்னு சொன்னார். எங்க சம்பந்திக்கு அப்படியே பேச்சு நின்னுபோச்சு. நீங்க போன் போடலன்னா அத்தனை பேரும் என்ன ஆகியிருப்போம்!"

அவர் கையை அழுத்திவிட்டு வெளியே வந்தேன். ஜெனிட்டா பின்னாலேயே வந்தாள். தமிழும் இங்கிலீஷும் தெலுங்கும் கலந்துதான் பேசுவாள், அவளுடைய அப்பாவைப் போலவே.

"ஆண்ட்டி, அம்மா அதைச் சொன்னப்போ உங்க முகம் மாறிடுச்சு. எதுக்கு?"

"ஒண்ணுமில்லம்மா."

"மண்டபத்துத் தண்ணில காலரா இருந்துச்சா, இல்லையா?"

இந்த மாதிரிக் கேள்விக்கு வாழ்நாள் முழுக்க ஒரே விதமாகத்தான் பதில் சொல்லிப் பழகியிருக்கிறேன்.

"இல்ல."

"டாடிக்குத் தெரியுமா?"

"தெரியும். அன்னைக்குச் சாயங்காலம் இதே கேட் பக்கத்துல நின்னுதான் சொன்னேன்."

உள்ளே அடுத்த பாட்டைத் தொடங்கியிருந்தார்கள்.

"என் மாமனார் எங்க போனாலும் சொல்வார் ஆண்ட்டி. 'எங்க மருமக அப்பா சொந்தப் பொண்ணோட விருந்தையே நிறுத்தி எங்க உயிரைக் காப்பாத்துனவர்'னு. அந்த வீட்ல யாரும் இதுவரைக்கும் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்ல." முகத்தைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டாள். "அம்மாகிட்ட சொல்லாதீங்க. ப்ளீஸ்."

சொல்ல மாட்டேன் என்றேன்.

செல்வராஜ் தன் பணிக்காலத்தில் ஒரு முடிவைக்கூட மாற்றி எழுதியவர் அல்ல. நான் என்றைக்கு வேண்டுமானாலும் அந்த வீட்டில் வாய்தவறிச் சொல்லிவிடக்கூடும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். சொல்லிவிடாதீர்கள் என்று அவர் என்னிடம் ஒருமுறையும் கேட்டதில்லை.

ஜெனிட்டா உள்ளே போனாள். மேரி அவளிடம் ஏதோ விசாரித்தார்.

"ஒண்ணுமில்லம்மா, ஆண்ட்டிக்கு ஆட்டோ கிடைக்கலையாம்" என்று அவள் சொன்ன பதில் கேட்வரை கேட்டது.